அடுத்தவர் எடுத்த டேட்டாவை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா?

கேட்டிருப்பவர் முதலாண்டு பிஎச்டி மாணவி. தலைப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு. உதவித்தொகை கிடையாது. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை அளந்துவர ஆளும் இல்லை, பணமும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் திறந்த தரவை வைத்தே முடித்துவிடலாம் என்று போய்ச் சொன்னால், "அடுத்தவங்க எடுத்த டேட்டாவைக் கொண்டுவந்து வைச்சா அது என்னம்மா ஆராய்ச்சி?" என்று கைடு கேட்கிறாராம். செய்யலாமா, செய்தால் எங்கே கால் வழுக்கும் என்பதுதான் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். உலகம் முழுக்க மக்கள்தொகையியல், பொருளாதாரம், வானியல், மரபணுவியல் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. எந்தத் தனி மனிதரும் ஆறு லட்சம் வீடுகளுக்குப் போய்க் கதவு தட்ட முடியாது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, அதாவது 2019-21-இல் நடந்தது, 6,36,699 குடும்பங்களைச் சந்தித்தது. தமிழ்நாட்டில் மட்டும் 27,929. மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய ஆய்வு அது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த தரவு பீரோவுக்குள் கிடப்பதைவிட உங்கள் கணினியில் இருப்பது மேல்.

ஆனாலும் உங்கள் கைடு சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் என்ஹேன்ஸ் என்றொரு தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு உண்டு. அதன் தரவு யாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதை வைத்து, ஒரு காரணி, ஒரு நோய், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் எத்தனை வருகின்றன என்று சிலர் எண்ணிப் பார்த்தார்கள். 2014 முதல் 2021 வரை ஆண்டுக்குச் சராசரியாக நான்கு. 2024-இல் அக்டோபர் தொடக்கத்துக்குள் 190. கட்டுரை ஆலை என்றே சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான மாறிகள் கொண்ட கோப்பைத் திறந்து, எதை எதோடு வேண்டுமானாலும் பொருத்திப் பார்த்து, தற்செயலாக வர ஐந்து விழுக்காடுதான் வாய்ப்பு என்ற சோதனையில் தேறியதை மட்டும் எடுத்து எழுதினால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் இருபதுக்கு ஒன்று தேறத்தான் செய்யும். கைடுக்கு இருக்கும் சந்தேகம் இந்த வகை ஆராய்ச்சி மேல்தான் என்று நினைக்கிறேன். அது நியாயமான சந்தேகம். அதனால் கோப்பைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இதையே முன்பதிவு என்று இணையத்தில் செய்கிறார்கள். தாள் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடுத்தவர் தரவைத் திரும்பப் பார்ப்பதே சில சமயம் பெரிய ஆராய்ச்சியாகிவிடும். 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெயர்பெற்ற பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு ஆகிவிடுகிறது என்று அதில் ஒரு கணக்கு. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பலர் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவருக்கு, ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து அதே முடிவைத் திரும்பக் கொண்டுவா என்று வகுப்பில் வேலை கொடுத்தார்கள். அவர் இதை எடுத்தார். எத்தனை தடவை போட்டும் வரவில்லை. கடைசியில் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார், அவர்களும் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுக்கும் சூத்திரம் 30-ஆம் வரியிலிருந்து 44-ஆம் வரிவரைதான் போயிருந்தது. 49 வரை போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்குக்கு வெளியே நின்றன.

எல்லோரும் இந்த எக்செல் பிழையைத்தான் கதையாகச் சொல்வார்கள். உண்மையில் அதன் பங்கு சிறியதுதான். நியூசிலாந்தின் ஒரே ஒரு வருடம், 1951-இன் மைனஸ் 7.6, பிரிட்டனின் 19 வருடச் சராசரிக்குச் சமமாக எடை போடப்பட்டிருந்தது. நியூசிலாந்துக்குத் தரவு இருந்தும் சில வருடங்கள் விடப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தால் மைனஸ் 0.1 என்றது 2.2 ஆனது. 2013 ஏப்ரலில் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் இதை வெளியிட்டார்கள். அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. 'அது என்ன ஆராய்ச்சி' என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை.

தரவைக் காட்டவே காட்டாமல் போனால் என்னவாகும் என்பதற்கு 2020 மே 22-ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில், கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி வந்த கட்டுரை உதாரணம். 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று எண்கள் பிரமாதமாக இருந்தன. சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன தரவுத்தளம் அது. வெளியாட்கள் யாரும் பார்த்ததில்லை. எப்படிப் பிடிபட்டது தெரியுமா? ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் ஏப்ரல் 21 வரை 73 கொரோனா மரணங்கள் என்று கட்டுரை சொன்னது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அன்றாடம் வெளியிட்டுவந்த திறந்த தரவிலோ, அந்த நாடு முழுவதற்குமே அன்றைக்கு 67 மரணங்கள்தான். ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திறந்து கிடந்த ஒரு சின்ன அட்டவணைதான், பூட்டிவைத்த பெரிய தரவின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தது.

சரி, இனி உங்கள் வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இணையத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் திறந்த தரவு ஆகிவிடாது. யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும் என்று உரிமம் இருந்தால்தான் அது திறந்த தரவு. இந்திய அரசு 2012-இல் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, அதற்கென ஒரு தளமும் தொடங்கியது. 2017-இல் அந்தத் தரவுக்கென்று தனி உரிமமும் வந்தது. அதில் இருப்பவை ஏறக்குறைய இந்த வகை. குடும்ப நல ஆய்வின் தனிநபர் கோப்புகள் அப்படி இல்லை. டிஎச்எஸ் என்ற சர்வதேசத் திட்டத்தின் தளத்தில் பெயர் பதிந்து, என்ன ஆய்வு என்று ஒரு பத்தி எழுதி, அனுமதி வாங்கி இறக்க வேண்டும். இலவசம்தான், ஆனால் பிறருக்குக் கைமாற்றக் கூடாது. நம் துறைகளில் ஒரு சீனியர் இறக்கிய கோப்பு பென் டிரைவில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும். அதிலிருந்து தொடங்காதீர்கள். நிபந்தனை மீறல் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எந்தப் பதிப்பு, நடுவில் யார் எந்த வரியை அழித்தார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கோப்பு கையில் வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, உடனே தங்கள் மாடலை ஓட்டிப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். அச்சில் வந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது உங்கள் கையில் வருகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஏற்ற எண், தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விழுக்காடு. ஐந்தாம் சுற்று அறிக்கையில் 25.0 என்று இருக்கும். நாலாம் சுற்றில் 27.1. இந்த 25.0 உங்கள் திரையில் வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். என்னிடம் வரும் மாணவர்களுக்கு இதற்கு ஒரு வாரம் கொடுப்பேன். பெரும்பாலோருக்கு அதுவும் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே ஆய்வுக்குப் பல கோப்புகள் உண்டு. குடும்பக் கோப்பு, குடும்ப உறுப்பினர் கோப்பு, பெண்கள் கோப்பு, குழந்தைகள் கோப்பு என்று. குழந்தையைப் பற்றிய ஆய்வு, குழந்தைகள் கோப்புதானே என்று அதை எடுப்பீர்கள். அங்கே தாயைப் பேட்டி எடுக்க முடிந்த குழந்தைகள் மட்டும்தான் இருப்பார்கள். தாய் இறந்துபோன குழந்தை, தாய் வேலைக்கு வெளியூர் போய்விட ஆயாவிடம் வளரும் குழந்தை, இவர்களெல்லாம் அதில் இல்லை. அறிக்கையில் வரும் எண் உறுப்பினர் கோப்பிலிருந்து, முந்தைய இரவு அந்த வீட்டில் தூங்கிய குழந்தைகளை வைத்துக் கணக்கிட்டது. உங்கள் தலைப்புக்கு ஆயாவிடம் வளரும் குழந்தை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். தப்பான கோப்பை எடுத்தால் அந்தக் குழந்தை உங்கள் ஆய்வேட்டில் பிறக்கவே இல்லை.

அடுத்தது குறியெண்கள். உயர அளவு திட்டவிலக்கத்தில் இருக்கும், அதாவது அந்த வயதின் நடு உயரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கில். தசமப் புள்ளி இருக்காது. மைனஸ் 213 என்றால் மைனஸ் 2.13 என்று படிக்க வேண்டும். மைனஸ் 200-க்குக் கீழே போனால் அந்தக் குழந்தை குட்டையான குழந்தை. அதே நெடுவரிசையில் 9996, 9998 என்றெல்லாம் எண்கள் தலைகாட்டும். அளவு நம்பும்படி இல்லை, கணக்கில் சேர்க்காதே என்பதற்கான குறிகள் அவை. அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால், கணினி 9998-ஐ 99.98 திட்டவிலக்கம் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு வயதுப் பையனின் நடு உயரம் 87 சென்டிமீட்டர், ஒரு திட்டவிலக்கம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு பிள்ளை, மாடி ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். என் முதல் கட்டுரையின் வரைவில் இப்படிச் சில பிள்ளைகள் இருந்தார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகள் உலகச் சராசரியைவிட உயரம் என்று முடிவுரைகூட எழுதிவிட்டேன். நல்லவேளை, என் நண்பர் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவது, எடை. வெயிட் என்றே எல்லோரும் சொல்வோம். குழந்தையின் எடை அல்ல, ஒவ்வொரு வீடும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்ற கணக்கு. மாவட்ட அளவிலும் எண் வேண்டும் என்பதற்காக இந்த ஆய்வு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு குடும்பங்களை எடுக்கிறது. 27,929-ஐ 32 மாவட்டத்தால் வகுத்தால், மாவட்டத்துக்கு 870 சொச்சம். 2011 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கு மேல், பெரம்பலூர் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் வீடுகள் என்றால், சென்னையின் ஒரு வீடு பெரம்பலூரின் ஒரு வீட்டைவிட எட்டு மடங்கு ஆட்களுக்காகப் பேசுகிறது. வெயிட் போடாமல் மாநிலச் சராசரி எடுத்தால், சென்னையோடு ஒப்பிட்டால் பெரம்பலூர் எட்டு மடங்கு பெருத்துவிடும். கோப்பில் எடைக்கென ஒரு நெடுவரிசை இருக்கும், பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். கூடவே, ஒரு கிராமத்தில் எடுத்த இருபது வீடுகள் ஒன்றுபோல இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், எந்த வீடு எந்தக் கொத்தைச் சேர்ந்தது என்பதையும் மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் முடிவு உண்மையில் இருப்பதைவிட உறுதியானதுபோலத் தோன்றும். ஆர், ஸ்டேட்டா எதில் செய்தாலும் இரண்டு வரி வேலைதான்.

இவ்வளவும் செய்த பிறகு 25.0 வந்துவிட்டதா? அப்புறம் மாவட்டம். இங்கேதான் தமிழ்நாட்டு ஆய்வேடுகள் நிறையச் சிக்கிக்கொள்கின்றன. ஐந்தாம் சுற்று நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கே மாவட்டங்கள் பிரிந்தன. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை. இப்போது 38. ஆனால் அந்த ஆய்வு 2017 மார்ச் மாத எல்லைகளைப் பிடித்துக்கொண்டது, அதில் 32 மாவட்டங்கள்தான். 2011 கணக்கெடுப்பிலும் அதே 32. இன்றைய 38 மாவட்ட வரைபடத்தை எடுத்து அதன் மேல் பழைய எண்ணை ஒட்டினால், தென்காசி வெள்ளையாக நிற்கும், அல்லது திருநெல்வேலியின் எண் தென்காசி இல்லாத திருநெல்வேலிக்கு என்று ஆகிவிடும். 'தென்காசியில் ஊட்டச்சத்துக் குறைபாடு இல்லை' என்று வண்ணப்படம் சொல்ல, அதை மேடையில் ஒரு மாணவர் விளக்கியதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பழைய எல்லைக் கோப்பைத் தேடி எடுங்கள், கிடைக்கும்.

கிராமம் எங்கே இருக்கிறது என்ற ஆயத்தொலைவும் தனியாகக் கேட்டால் தருவார்கள். அதைப் பார்த்ததும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கக் கை துறுதுறுக்கும். அந்தப் புள்ளிகள் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கப்பட்டவை. நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 வரை, சில கிராமங்களில் 10 வரையிலும்கூட. யார் வீடு என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நம் ஊர்களில் 5 கிலோமீட்டருக்குள் வேறொரு சுகாதார நிலையமே வந்துவிடலாம், அளந்த தூரத்துக்குப் பொருள் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலை. பழகினால் வந்துவிடும். பழகி வராதது ஒன்று இருக்கிறது, அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது. நாலாம் சுற்று, 2015-16-இல், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 58.6 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றது. ஐந்தாம் சுற்றில் அது 67.1 ஆனது. நடுவே 2016-18-இல் குழந்தைகளுக்கான முழு ஊட்டச்சத்து ஆய்வு என்று ஒன்று நடந்தது, அது ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில் 41 விழுக்காடு என்றது. ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே காலம், எண் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். வயது வரம்பு கொஞ்சம் வேறுதான். ஆனால் பெரிய வித்தியாசம் ஊசியில் இருக்கிறது. குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி, வரும் சொட்டைக் கையடக்கக் கருவியில் அங்கேயே பார்க்கிறார்கள். மற்றதில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ரத்தம் வரவில்லையே என்று விரலை அழுத்திப் பிழிந்தால், திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். அழுகிற குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் என்ன செய்வார், நீங்களே சொல்லுங்கள். இப்போது 'ரத்தசோகை எட்டரை விழுக்காட்டுப் புள்ளி கூடிவிட்டது' என்று ஆய்வேட்டில் எழுதலாமா? எழுதினால் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும் பேராசிரியருக்கு அன்று நல்ல நாள். அதைவிட, இரண்டு எண்ணும் ஏன் மோதுகின்றன என்று தோண்டினால் அதுவே ஒரு அத்தியாயம். உங்கள் கைடு மறுப்பு சொல்ல முடியாத அத்தியாயம்.

வயது இன்னொரு வேடிக்கை. கணக்கெடுப்புக்குப் போகிறவர்களோடு சில நாள் சுற்றியிருக்கிறேன். "உங்களுக்கு என்ன வயசும்மா?" "அது இருக்கும் நாப்பது." "போன மாசம் ரேஷன் கார்டுல வேற மாதிரி இருந்துச்சே?" "அப்ப நாப்பத்தஞ்சு போட்டுக்கங்க." இப்படிப் பிறந்த வயதுகளை வரைபடமாகப் போட்டால் 30, 35, 40, 45 என்று கோபுரங்கள் நிற்கும், நடுவில் பள்ளம். இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 100 என்றால் யாரும் வயதை உருட்டவில்லை, 500 என்றால் எல்லோருமே 0, 5-இல் முடியும் வயதைத்தான் சொன்னார்கள் என்று பொருள். குழந்தைகளுக்கும் இதே கதை மாதக் கணக்கில் நடக்கும். இரண்டு மாதம் தவறினால் குட்டைக் குழந்தை சரியான குழந்தையாகிவிடும், சரியானது குட்டையாகிவிடும். அதனால் அங்கன்வாடி அட்டையைப் பார்த்துப் பதிந்த பிறந்த தேதியா, தாய் நினைவிலிருந்து சொன்னதா என்ற வேறுபாடு உங்களுக்கு மிக முக்கியம்.

அதேபோல, குடும்பம் என்றால் என்ன என்பதும். கணக்கெடுப்புக்கு ரத்த உறவு பொருட்டில்லை, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஒரே வாசலுக்குள் அண்ணன் தம்பி தனித்தனி உலை வைத்தால் இரண்டு குடும்பம். 'கூட்டுக்குடும்பம் சிதைகிறது' என்று எழுதும் ஆய்வுகளில் பாதி, இந்த ஒரு வரி வரையறையைப் படிக்காமல் எழுதப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். கேள்விப்படிவத்தைத் தமிழில் படியுங்கள். களப்பணியாளர் கையேட்டையும் படியுங்கள், அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. களத்துக்குப் போக முடியாதவருக்கு அந்தக் கையேடுதான் களம்.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், பாசனத்தோடு ஊட்டச்சத்தை இணைத்துப் பார்க்க. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் ஒரு காலத்தில் ஒன்று 600 டாலர். 2008-இல் அமெரிக்க அரசு இலவசமாக்கியது. அதற்கு முன் அதிகம் விற்ற ஆண்டிலேயே 25,000 படங்கள்தான் போயின, 2009-இல் பத்து லட்சம் அளவில் இறக்கப்பட்டன. அந்தப் படங்களிலிருந்து 1984 முதலான உலக நீர்ப்பரப்பு வரைபடத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையம் செய்து வைத்திருக்கிறது, உங்கள் கண்மாயில் எந்த மாதம் தண்ணீர் இருந்தது என்று அதில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஊருணியும் குட்டையும் அதில் கரைந்துவிடும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி, செயற்கைக்கோளுக்குப் பச்சை வயலாகத் தெரியும். மழைக்கு, 1901 முதல் கால் பாகைக் கட்டங்களாக வானிலைத் துறையின் புணே அலுவலகம் தரும் தரவு போதும். ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம் என்பதை மறந்துவிட்டுக் கிராமவாரி மழை என்று எழுதாதீர்கள்.

இன்று திறந்திருப்பது நாளை திறந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2017-18-க்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைக் களத்தில் எடுத்து முடித்த பிறகு, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் வெளியிடுவதில்லை என மத்திய அரசு முடிவு செய்தது. 2011-12-க்குப் பிறகு வறுமை பற்றி எழுதியவர்கள் 2022-23 ஆய்வு வரும்வரை பதினோரு வருட இடைவெளியை ஊகத்தால் நிரப்ப வேண்டியிருந்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை, 2027-க்குத்தான் அறிவிக்கப்பட்டது. நான் மேலே சொன்ன டிஎச்எஸ் தளமும் அமெரிக்க நிதியில் ஓடியது. 2025 பிப்ரவரியில் அந்த நிதி நின்றபோது புதிய விண்ணப்பங்களைப் பார்க்கவே ஆள் இல்லாமல் போனது. ஆய்வேட்டின் நடுவில் இருந்த எத்தனையோ மாணவர்கள் அப்படியே நின்றார்கள். ஆகவே தேவைப்படும் எல்லாச் சுற்றுகளுக்கும் முதல் மாதமே விண்ணப்பித்து இறக்கி, இறக்கிய தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். திருத்தமெல்லாம் கணினிக்கு நீங்கள் எழுதும் நிரலில் நடக்கட்டும். மூன்று வருடம் கழித்து 'இந்த எண் எப்படி வந்தது' என்று யாராவது கேட்டால், நீங்களே அதை மறந்திருப்பீர்கள், நிரல் மறந்திருக்காது.

எக்செல்லில் திறந்து பார்க்கலாம், சேமிக்க வேண்டாம். மரபணுவியலில் மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக்கிவிடும். எக்செல் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் எண்ணிச் சொன்னார்கள். கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செல்லை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் பங்கு. நீங்களும் முப்பது, நாற்பது தாய்மார்களிடமாவது பேசிப் பாருங்கள் என்று கைடு சொல்வார். சொல்லாவிட்டாலும் செய்யுங்கள், பெரிய கோப்பில் கண்ணில் பட்டதைப் புரிந்துகொள்ள அது உதவும். அந்தச் சிறு தரவை வெளியிடும்போது பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி இருபது டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தினார். அந்த மாநில ஆளுநரின் பதிவே கிடைத்துவிட்டது. நம் ஊரில் இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். ஊர் பெயர், சாதி, 'கணவர் துபாயில்', 'இரட்டைக் குழந்தைகள்' என்று நாலு நெடுவரிசை இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் ஆளைச் சொல்லிவிடுவார். ஊரை எடுத்துவிட்டு வட்டாரமாக்குங்கள், வயதை ஐந்தைந்தாகத் தொகுங்கள். பேட்டிக்கு முன் வாங்கும் ஒப்புதல் தாளிலேயே 'பெயரில்லாமல் பிற ஆய்வாளர்களுக்கும் தருவோம்' என்று ஒரு வரி இருக்கட்டும். பிறகு சேர்க்க முடியாது. வெளியிட, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ தளம் இலவசம், நிலையான முகவரி எண்ணும் தருவார்கள், உங்கள் தரவை யாராவது எடுத்தாண்டால் அந்த எண்ணைச் சொல்லி மேற்கோள் காட்டலாம்.

அறநெறிக் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவெளியில் உள்ள, ஆளை அடையாளம் காட்டாத தரவுக்கு முழு மதிப்பாய்விலிருந்து விலக்குத் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளில் இடம் இருக்கிறது. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும். நீங்களே முடிவு செய்துவிட்டால், பிறகு இதழ்கள் கடிதம் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒரு பக்க விண்ணப்பம்தான், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

கைடிடம் அடுத்த முறை போகும்போது வாதாடப் போகாதீர்கள். 25.0 வந்த அந்த ஒரு அட்டவணையையும், அதை வரவழைத்த நிரலையும், குழந்தைகள் கோப்பில் இல்லாமல் உறுப்பினர் கோப்பில் மட்டும் இருக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்ற எண்ணையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் குழந்தைகள் யார், யாரிடம் வளர்கிறார்கள் என்று அவர் நிச்சயம் கேட்பார். உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கே தொடங்கலாம்.